முதுகில் இல்லாத கூடை

ஜூலை 23, புதன்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஒரே காம்பராவில் நாலு பேர் படுக்கிற வீட்டில் ரகசியம் என்பது போர்வை அளவுதான்.

விசா வந்துவிட்டது! வந்துவிட்டது! வந்துவிட்டது!

மூன்று வாரம். கொரியா. குவாங்ஜூ என்று ஒரு ஊர். பல்கலைக்கழக விடுதி. பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேருக்கு அவர்களுடைய மொழியும் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுப்பார்கள். செலவு முழுக்க அவர்களுடையது. விண்ணப்பத்தை அனுப்பிவைத்தது எங்கள் ஆங்கில டீச்சர் சிவதர்சினி. யாழ்ப்பாணத்துக்காரர், அவரைக் கண்டால் பள்ளிக்கூடமே நடுங்கும். அவர் இன்று எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "பிரியந்தி, நீர் வெண்டிட்டீர்" என்று அழுதார். நான் பயத்தில் அழுதேன்.

கண்டிக்கு அப்பால் போனதில்லை. பொகவந்தலாவை பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவள் நான்.

ஆனால் பெரிய பயம் அது இல்லை. அழகன் அண்ணன் கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிச் சோதனை இரண்டு தரம் எழுதினான். இரண்டு தரமும் சரிவரவில்லை. அவன் ஹட்டன் வகுப்பில் படித்த புத்தகம் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதைத் திருடித்தான் ஒரு வருஷமாகப் படிக்கிறேன். அவனுக்குத் தெரியாது. அவன் போக நினைத்த இடத்துக்கு, அவன் புத்தகத்தை வைத்தே நான் போகிறேன்.

ஜூலை 26, சனி

அண்ணனுக்குத் தெரியுமாம்! ஒரு வருஷமாகத் தெரியுமாம்!

பையில் உடுப்பு அடுக்கும்போது புத்தகத்தைக் கொண்டுவந்து மேலே வைத்தான். "ஒழுங்கா திருடவும் தெரியல ஒனக்கு. எடுத்த புக்க தலைகீழாவா வைக்கிறது?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஓரமெல்லாம் அவன் கையெழுத்து. கொரிய எழுத்துக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு, பென்சிலில்.

அம்மா சொன்ன ஒரே புத்திமதி: "எவன் முன்னாலயும் கூனிக் குறுகி நிக்காத. குனியுறதெல்லாம் எங்களோட போகட்டும்."

ஜூலை 28, திங்கள்

வந்துட்டேன்!!! விமானத்தில் ஒருதரம்தான் வாந்தி. இங்கே கக்கூஸ் இருக்கை சூடாக இருக்கிறது. எனக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை, அதுவாகவே சூடாகிறது!

ஜூலை 29, செவ்வாய்

அம்மாவின் புத்திமதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. இங்கே எல்லாரும் குனிகிறார்கள். டீச்சருக்குப் பிள்ளை குனிகிறது, பிள்ளைக்கு டீச்சர் குனிகிறார், பஸ் டிரைவர் குனிகிறார். பல்கலைக்கழகத்துத் தலைவர் எனக்குக் குனிந்தார். எனக்கு! நாற்பது வரைக்கும் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

அறைத்தோழி ஷாமிலா. இலங்கையிலிருந்து வந்தது நாங்கள் இரண்டே பேர். ஹட்டன் பஜாரில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. வாய் ஓயாத பெண். இங்கே மின்சாரச் சோற்றுச் சட்டி வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுகிறது என்று இரவு முழுக்கச் சிரித்தோம்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் போர்வைக்குள் வந்தேன். எழுதிவிடுகிறேன்.

இன்று அறிமுக வகுப்பு. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் படத்தைத் திரையில் காட்ட வேண்டும். மொங்கோலியாப் பெண்ணின் அப்பா எஞ்சினியர். வியட்நாம் பெண்ணுக்கு மூன்று மாடி. பிறகு என் பெயர். போனில் எங்கள் லயத்துப் படம் இருந்தது, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். என் விரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஓ.எல். சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்ததற்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை பரிசு கொடுத்த அன்று, துரை பங்களாப் படிக்கட்டில் பூச்சாடிகளுக்கு நடுவில் நின்று எடுத்த படம் இருந்தது. அதைக் காட்டினேன்.

"இதுதான் எங்கள் வீடு."

யார் சொன்னது? என் வாய்தான். "அப்படியென்றால் பின்னால் தெரிகிற தேயிலைத் தோட்டமும் உங்களுடையதா?" என்று எங்கள் வகுப்பை நடத்துகிற கிம் டீச்சர் கேட்டார். தலை ஆடிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அறைக்கு வந்ததும் ஷாமிலா கதவைச் சாத்தினாள். "அடியே பங்களாக்காரி, அந்த பங்களாவுக்கு கர்ட்டன் தச்சுக் குடுத்ததே எண்ட வாப்பாதான். எட்டு ஜன்னல். நானும் போய் அளந்தேன். ஒண்ட கட்டில் எந்த ரூமில ஈக்கு?"

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். யாருக்கும் சொல்லமாட்டாளாம். ஆனால் மூன்று வாரமும் தன்னுடைய உடுப்பை நான்தான் மடிக்க வேண்டுமாம்.

ஜூலை 31, வியாழன்

மானம் போயிற்று. ஆனால் எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

சாப்பாட்டு மண்டபத்தில் தண்ணீர் வரும் இயந்திரம் நின்றுபோனது. எல்லோரும் அதைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் கொரிய மொழி தெரியுமே! அண்ணனின் புத்தகம், பன்னிரண்டாம் பாடம். நிமிர்ந்து நின்று கத்தினேன்: "சாஜாங்நிம்! கிகேகா கோஜாங் நஸ்ஸொயோ!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிறகு சமையல்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சொன்னது: "முதலாளி ஐயா! இயந்திரம் பழுதாகிவிட்டது!" தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதிய புத்தகம் அது. எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் காதல் இல்லை, கவிதை இல்லை. தலைக்கவசம் போடுங்கள். கையை உள்ளே விடாதீர்கள். கொஞ்சம் ஓய்வெடுக்கலாமா, முதலாளி ஐயா?

கிம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோட்ட முதலாளி மகள் நீ, இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். "எங்கள் வேலையாட்களிடம்" என்றேன். ஷாமிலா மேசைக்குக் கீழே உதைத்தாள். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

எங்கள் வேலையாட்கள். அண்ணனையா சொன்னேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று எதற்கும் பயப்படவில்லை! ஹன்போக் என்ற அவர்களுடைய பழைய உடுப்பை உடுத்திப் பார்த்தோம். குடை மாதிரி விரிகிற பாவாடை. சுழன்றால் நிலம் தெரியாது. சுழன்று சுழன்று ஷாமிலா ஒரு தூணில் மோதினாள். கிம்ச்சி செய்யக் கற்றோம். முட்டைக்கோவாவுக்கு இலை இலையாக மிளகாய் பூச வேண்டும். நம் அச்சாறு ஊறுகாய்க்கு அக்கா மாதிரி இருக்கிறது. கையெல்லாம் எரிகிறது. என்ன கொடுத்தாலும் வாங்கினாலும் இங்கே இரண்டு கையால்தான். கடைக்காரர் மிச்சக் காசைக்கூட இரண்டு கையால் கொடுக்கிறார். எங்கள் தோட்டத்தில் வாங்குகிற கைதான் இரண்டு. கொடுக்கிற கை ஒன்று.

ஆனால் பால் தேத்தண்ணி இல்லை. ஐயோ, ஒரு கோப்பை தேத்தண்ணி!

ஆகஸ்ட் 6, புதன்

செத்தேன்.

பதினேழாம் தேதி ஞாயிறு 'வீட்டு நாள்'. ஒவ்வொருவர் குடும்பத்தையும் வீடியோவில் அழைத்துப் பெரிய திரையில் பேசவைப்பார்களாம். வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். கிம் டீச்சர் என் தோளைத் தட்டினார். "உன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டைப் பார்க்க எல்லோரும் காத்திருக்கிறோம்."

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவுடன் பேசினேன்.

"அம்மா, பதினேழாந் தேதி கோல் வரும். நீங்க எடுக்க வேணாம். சிக்னல் இல்லைனு நான் சொல்லிக்கிறேன்."

லயத்துப் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சிக்னலுக்காகப் பீலிக்கரை வரைக்கும் வந்து நின்றிருக்கிறார்.

"நீலச் சீலைய தோய்ச்சுக் காயப்போட்டிருந்தேன்" என்றார். அப்புறம், "சரிம்மா. சாப்பிட்டியா?"

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்ல? ஏன்டி, எதுக்குடின்னு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்ல?

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஷாமிலா இன்று பகிடி பண்ணிச் சிரிக்கவில்லை. "பங்களாவக் காட்டினது பொய். அத மன்னிக்கலாம். ஒண்ட உம்மாவ ஒளிக்கிறாய் பாரு, அதுதான் எனக்கு ஏலாம ஈக்கு. உண்மையச் செல்லிடு" என்றாள். தன் உடுப்பைத் தானே மடித்துவைத்தாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவி விட்டேன் என்று நினைத்துக் கிம் டீச்சர் என்னை அறைக்கு அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போசொங் என்ற இடத்துக்குத் தேயிலைத் தோட்டம் காட்டக் கூட்டிப்போனார்கள். பஸ் வளைந்ததும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். மலை! தேயிலை! எங்கள் மலையைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, வகிடெடுத்து வாரிவிட்ட மாதிரி. கொழுந்துக் காலம் முடிந்துவிட்டதாம், எங்களுக்காக ஒரு துண்டு மட்டும் பறிக்காமல் விட்டிருந்தார்கள். ஆளுக்கொரு சின்ன மூங்கில் கூடை, இடுப்பில் கட்டிக்கொள்ள.

மற்றவர்கள் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மெதுவாக, தெரியாதவள் மாதிரி. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஓ.எல். சோதனை முடிந்து மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு மலைக்குப் போனேன். அந்தக் கை. இடது, வலது, இடது, வலது. இரண்டு இலையும் ஒரு மொட்டும். கைப்பிடி நிறைந்தது. நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் வீசினேன்.

முதுகில் கூடை இல்லை. முதுகுக்குப் பின்னால் கிம் டீச்சர் இருந்தார்.

தலை நிறையக் கொழுந்து. கண்ணாடியில் இரண்டு. வாயில் ஒன்று. மன்னிச்சுக்குங்க டீச்சர், மன்னிச்சுக்குங்க என்று தமிழில் கத்திக்கொண்டே திரும்பினேன். கத்துகிற நேரத்தில் கை அடுத்த பிடியைப் பறித்துவிட்டது. அதையும் வீசிவிட்டேன்! ஷாமிலா வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து அழுது அழுது சிரித்தாள்.

கீழ்வரிசையில் ஒரு அம்மா புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடரி வரைக்கும் துணி தொங்குகிற பெரிய தொப்பி. அவர் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார். தன் விரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிறகு கேட்டார்:

"எத்தனை வருஷம் வேலை செய்தாய்?"

நாற்பத்தோராம் பக்கம்! அண்ணன் புத்தகத்தில் நேர்முகத் தேர்வின் முதல் கேள்வி. அவன் சிவப்புப் பேனாவால் கோடு போட்ட கேள்வி. இந்த நாட்டில் ஒருவர் கொரிய மொழியில் பேசியதில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். பதிலும் வாயில் இருந்தது.

"நான் மூன்று மாதம். என் அம்மா இருபத்திரண்டு வருஷம்."

சொன்ன பிறகுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சரி, இனி என்ன? மிச்சத்தையும் சொன்னேன். பாதி கொரிய மொழி, பாதி ஆங்கிலம். அந்தப் பெரிய வீடு முதலாளி ஐயாவுடையது. எங்கள் வீடு அதற்குக் கீழே, வரிசையில் ஐந்தாவது கதவு. நான் பொய் சொன்னேன். இயந்திரம் பழுதாகவில்லை, நான்தான். கடைசி வரி ஏன் வந்தது என்று தெரியாது, தெரிந்த மொழி அவ்வளவுதான்.

கிம் டீச்சர் கண்ணாடியிலிருந்து இலையை எடுத்தார். என்னைப் பார்த்தார். "சரி. அடுத்த பிடியையாவது கூடையில் போடு" என்றார்.

பிறகு எல்லோரும் என்னிடம் பறிக்கக் கற்றார்கள். அந்த அம்மா போகும்போது தொப்பியைக் கழற்றி என் கையில் வைத்தார், இரண்டு கையால். "உன் அம்மாவுக்கு" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

"அம்மா, ஞாயித்துக்கெழம நீங்க பேசுங்க. லயத்துலருந்தே பேசுங்க."

"யாரும் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க. நான் டீச்சர் தலையில கொழுந்து கொட்டினத கேட்டா நீங்களும் சிரிப்பீங்க."

பங்களாப் பொய்யையும் சொன்னேன். "அந்தப் படிக்கட்ட நான் தொட்டதே இல்லடி. நீயாச்சும் நின்ன" என்றார் அம்மா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திரையில் நீலச் சீலை! பெரிய திரை முழுக்க அம்மா! அண்ணன் போனைப் பிடித்திருந்தான், கை ஆடியதில் மலையெல்லாம் ஆடியது.

வீட்டைச் சுற்றிக் காட்ட இரண்டு நிமிஷம் போதுமாக இருந்தது. "இது வாசல்ல இருக்குற இஸ்தோப்பு. இது காம்பரா. இது அடுப்பங்கர. அவ்வளவுதாங்க. மிச்ச நேரத்துக்கு என்னாத்த காட்டுறது?" என்று அம்மா கேட்க, நான் மொழிபெயர்க்க, மண்டபம் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். பிறகு லயமே வந்தது. அஞ்சு வீட்டுப் பிள்ளைகள், இரண்டு நாய், ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த அப்பா பாதி முகம் சோப்போடு. அண்ணன் போனுக்குள் மூக்கை நுழைத்து, "சாஜாங்நிம்! கொஞ்சம் ஓய்வெடுக்கலாமா?" என்று கொரிய மொழியில் கேட்டான். சமையல்கார அம்மா எழுந்து நின்று கை தட்டினார். சோதனையில் தவறியவனுக்கு.

முடியும்போது கிம் டீச்சர் திரைக்கு முன்னால் போய் இடுப்பு வரைக்கும் குனிந்தார். அம்மா திகைத்தார். பக்கத்தில் பார்த்தார். பின்னால் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்தார், சீலைத் தலைப்பு விழுவதைப் பிடித்துக்கொண்டே.

"யாருக்கும் குனியாதன்னு சொன்னீங்களே" என்று இரவு போனில் சீண்டினேன்.

"அவங்கதான மொதல்ல குனிஞ்சாங்க. இது வேறடி."

ஆகஸ்ட் 20, புதன்

வீடு. நான்கு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தொப்பி பிடித்துவிட்டது. ஆனால் கூடைக் கயிறு தலையில் மாட்டினால் தொப்பி நிற்காது. கயிற்றை மாட்டி அதற்கு மேல் தொப்பியை வைத்து இஸ்தோப்பில் நடந்து பார்த்தார். நாளைக்கு அப்படியே மலைக்குப் போகப்போகிறாராம்.

அந்த நேரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொன்னையா வந்தார். நான் கொரியா போய்வந்ததைக் கேள்விப்பட்டுத் துரை படம் எடுக்க ஆசைப்படுகிறாராம். செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் பங்களாப் படிக்கட்டுக்கு வர வேண்டுமாம். அதே படிக்கட்டு. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன்.

அம்மா தொப்பியைக் கழற்றவில்லை. "புள்ள பயணம் பண்ணிக் களைச்சு வந்திருக்குங்க. தொரைய இங்கன வரச் சொல்லுங்க. பிளேன்டீ தேத்தண்ணி ஊத்தித் தாரேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பொன்னையா தொப்பியையே பார்த்துக்கொண்டு போனார்.

துரை வருவாரோ மாட்டாரோ. அப்பா மட்டும் கதவுக்கு நீலப் பெயின்ட் தேடுகிறார். அண்ணன் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மூன்றாம் தரம் எழுதப்போகிறானாம், நாற்பத்தோராம் பக்கத்துக் கேள்விகளை நான் தினமும் கேட்க வேண்டுமாம்.

இதைப் போர்வைக்குள்தான் எழுதத் தொடங்கினேன். இப்போதுதான் இருட்டில் அம்மாவின் குரல் வந்தது: "லைட்ட போட்டு எழுதுடி. கண்ணு கெட்டுப்போவும்."

"எழுதுறேன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு வருசமா ஒன் போர்வை மினுங்குது. நான் கேட்டனா?"

லைட்டைப் போட்டுவிட்டேன்.