விரித்துப் போட்ட இறக்கை

தம்பிக்கு,

மேலே ‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேனே, அது கைத்தவறு இல்லை. நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். ஹாலில் கட்டில் போட்டிருக்கிறது. இடுப்பில் பட்டை கட்டாமல் அவரால் உட்கார முடியாது. இடது கால் பெருவிரல் லேசாக அசைகிறது. அதற்கே பிசியோதெரபி செய்ய வரும் பெண் கைதட்டுகிறாள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

விபத்தைப் பற்றி நீ பாராகிளைடிங் கிளப்புக்கு எழுதிக் கொடுத்ததைப் பல் டாக்டர் கொண்டுவந்து காட்டினார். அன்று உங்கள் இரண்டு பேரோடு பறந்தவர் அவர் ஒருவர்தானே. ‘இறங்கிய உடனே இறக்கையைச் சுருட்டிவிட்டேன். மாமா ஏன் அந்த இடத்தில் இறங்கினார் என்று தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியவில்லையாமே!

பறக்கத் தெரியாத எனக்கே தெரியும். தரையைத் தொட்டதும் முதல் வேலை, தூக்கிப் பறக்கவைத்த அந்தத் துணி இறக்கையைச் சுருட்டுவது. விரித்தபடி கிடந்தால், அடிபட்டுக் கிடக்கிறேன், வாருங்கள் என்று அர்த்தம். உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மூன்று பேரும் மலையிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்பினீர்கள். பாதி வழியில் உனக்குக் காற்று கிடைக்கவில்லை, கல்குவாரிப் பக்கம் இறங்கிவிட்டாய். அவர் நல்ல உயரத்தில் இருந்தார். டாக்டரோடு இன்னும் நாற்பது கிலோமீட்டர் போயிருக்கலாம். கீழே உன் சிவப்பு இறக்கை விரிந்து கிடந்ததாம். ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நீ அணைத்து வைத்திருந்தாய். குவாரி மேட்டில் காற்று சுழலும், அங்கே இறங்கக் கூடாது என்று தெரிந்தேதான் இறங்கினார். காற்று அவரைத் தூக்கிப் பாறையில் அடித்தது. ஓடிவந்தபோது உன் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்ததாம். உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு உன்மேல் துளி கோபம் இல்லை. எனக்கு ஆத்திரமே அதுதான். நீ எழுதியதைப் படித்துவிட்டு, கண் டாக்டரிடம் நேரம் வாங்கச் சொன்னார். “அவன் பொய் சொல்ல மாட்டான். என் கண்ணுதான் சரியில்ல போல. இனிமே நான் யாருக்கும் சொல்லித் தரக் கூடாது” என்றார். பத்தொன்பது வருஷம் சொல்லிக்கொடுத்த மனுஷன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. அன்று மதியம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாய். ‘அக்கா, எவ்ளோ தூரம் வந்துட்டேன் பாரு.’ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். பின்னால் வயல் முழுக்கச் சிவப்பு இறக்கை, பட்டம்போல விரித்து வைத்திருக்கிறாய். நேரம் இரண்டு பத்து. அவர் விழுந்தது அதற்கு அரை மணி கழித்து. விஷயம் தெரியாமல் நானும் அதற்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறேன்.

அதை அவரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் தன் கண்மேல் இருக்கிற சந்தேகம் போய்விடும். உன்மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். இன்னொரு அடியைத் தாங்குகிற உடம்பா அது?

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதற்குப் பிறகு நானே காட்டிவிடுவேன், கிளப்புக்கும் அனுப்புவேன். அதற்குள் நீயாக வா. என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, கிடைக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க பார்த்தது சரிதான் மாமா என்று உன் வாயால் சொல். அவர் உடனே மன்னித்துவிடுவார், அந்த ஆள் அப்படித்தான்.

நன்றாக இரு என்று முடிக்க வேண்டும். எழுதிவிட்டேன். மனசார எழுத வரவில்லை. வந்து சொல்லிவிட்டுப் போடா, அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்கா