செங்கல் அடுப்புக்குச் சாயம்

ஜூலை 6, சனி
அறை பார்க்க வந்த இன்னொருத்தியும் சமையலறையோடு திரும்பிவிட்டாள். எல்லாருக்கும் கண் அந்தப் பழைய செங்கல் அடுப்பின் மேல்தான். விறகு எரித்த காலத்துக் கரி, புகைக்கூண்டு வரை கறுப்பு. "பேய் வீடு மாதிரி இருக்குலா" என்று என் காதுபடவே சொன்னாள். வாடகை கிடக்கட்டும். இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் கேட்டால் போதும் எனக்கு.

ஜொகூருக்கு, ரூபினிக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மகளுக்கு வேலை அதிகமாம்.

ஜூலை 7
பெயின்ட் கடையில், யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன தந்தநிறச் சாயம், பாதி விலைக்குக் கிடைத்தது. மலிவுக் கூடையில் ஒரு பிரஷ். போதும்.

ஜூலை 9
செங்கல் சாயத்தைக் குடிக்கிறது! முதல் பூச்சு போன இடம் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றி நீட்டினேன். இடுப்பு விட்டுப்போனது. வலிக்கிறது என்று யாரிடம் சொல்ல? அடுப்பிடம் சொன்னேன்.

ஜூலை 13
நூருல் ஹுதா என்று ஒரு பெண் வந்தாள். ஈப்போத் தமிழ் முஸ்லிம் பிள்ளை, இங்கே மருந்துக்கடையில் வேலை. "அடுப்பு அழகா இருக்கு ஆன்ட்டி! என் கேஸ் அடுப்ப இதுமேலயே வச்சிக்கலாம்." அப்புறம் தயங்கி, "வீட்ல பன்னி சமைப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நான் சைவம்மா. அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறாளாம். இன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூலை 14
பிரஷ்ஷைக் கழுவும்போது பிடியைப் பார்த்தேன். மலாயில் 'புலு பாபி' — பன்றி முடி. வாங்கும்போதே படித்ததுதான். எனக்கென்ன என்று எடுத்துவந்தேன். அவர்கள் இதைத் தொடவே மாட்டார்களே.

தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தப் புள்ள, இந்த முடி பட்ட அடுப்புமேல வச்சு சோறாக்கித் தின்னுமே... ஐயோ, என் புத்தி எங்க போச்சு!

ஜூலை 15
ஹுதாவுக்கு ஃபோன் அடித்துச் சொல்லிவிட்டேன். பன்றி முடியா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "வாப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி."

ஜூலை 16
ஃபோன் வரவில்லை.

ஜூலை 18
வரமாட்டாள். பிளேடால் சாயத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். அடித்ததைவிட இதுதான் பெரும்பாடு. வராதவளுக்காக எதற்குச் சுரண்டுகிறேன்? தெரியவில்லை. அழுதுகொண்டே சுரண்டினேன்.

ஜூலை 20, சனி
வாசலில் ஹுதா, அவள் வாப்பா, ஒரு வாளி சுத்தமான மண்.

"பன்னி பட்டா எங்க மார்க்கத்துல இதுதான் முறை. மண்ணு கரைச்ச தண்ணியில ஒரு தரம், நல்ல தண்ணியில ஆறு தரம். கழுவிட்டா சரியாயிடும்மா" என்றார் அவர். "மறைக்காம சொன்னீங்க. புள்ளய நம்பி விடலாம்."

மீதிச் சாயத்தை மூவருமாகச் சுரண்டி, கழுவி முடித்தோம். அடுப்பு பழையபடி கறுப்பு, அங்கங்கே தந்தநிறத் திட்டு. முன்னைவிட அசிங்கம். ஹுதா தன் கேஸ் அடுப்பை அதன்மேல் வைத்துத் தேநீர் போட்டாள்.

ஜூலை 22
ரூபினி இரண்டு தடவை அழைத்திருக்கிறாள். ஃபோன் ஹாலில் கிடந்தது. அடுப்படியில் ஹுதாவோடு பேசிக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை.