கட்டடம் முதலீடு, ஆள் செலவு

நவம்பர் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகப் பனி தள்ளினேன். என் வாசலில் இல்லை, பக்கத்து வீட்டு சினியின் கார் நிற்கும் இடத்தில். பிளைவுட் ஆலையில் இரவு வேலை முடித்து, மயவா காப்பகத்தில் தூங்கும் மகள் எல்லெயை எடுத்துக்கொண்டு அவள் ஆறரைக்கு வருவாள். கார் ஒரே ஓட்டத்தில் உள்ளே வந்து நின்றால் குழந்தை விழிக்காது. சக்கரம் வழுக்கி முன்னும் பின்னும் ஆடினால் விழித்துவிடும், அப்புறம் சினிக்கும் தூக்கம் கிடையாது. மூன்று குளிர்காலமாக இது என் வழக்கம். சினி கார்க் கண்ணாடிக்குள்ளிருந்தே கை தூக்கினாள்.

அந்தக் கையைப் பார்த்துவிட்டு அலுவலகம் போய், மயவாவை இரவில் மூடும் தீர்மானத்தை எழுத உட்கார்ந்தேன்.

ரைலி விட்டுப்போன ஊராட்சிக் கல்வித்துறை இயக்குநர் நாற்காலியில் செப்டம்பரிலிருந்து பொறுப்பாக இருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி கல்விக் குழுக் கூட்டத்தில் முன்மொழிய வேண்டியது நான். இரவுக் குழந்தைகளைப் பக்கத்து ஊர்க் காப்பகத்துக்கு அனுப்புவது, ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குப் பணம் கொடுப்பது. நாற்பத்தாறு கிலோமீட்டர். காட்டுச் சாலை.

நிதிப் பிரிவு வெசாவிடம் போய் நின்றேன். "அந்தப் பணத்தையும் கழிச்சா மிச்சம் எவ்வளவுதான் ஆகும்?"

"ரெண்டு பேர் சம்பளம்."

"ரெண்டு பேர் சம்பளத்துக்கா இந்தக் கூத்து? எதிர்ல கண்ணாடிக் கூரை போட்டு நல்வாழ்வு இல்லம்னு ஒண்ணு எழும்பிட்டிருக்கு, பாக்கறியா இல்லையா?"

"அது முதலீடு, இங்கெரி. முப்பது வருஷத்துக்குப் பிரிச்சு எழுதிக்கலாம். பாதிக்கு மேல ஐரோப்பியப் பணம். மயவா ஆளுங்க சம்பளம் செலவு. அந்தந்த வருஷமே முழுசா எழுதணும். மேலேர்ந்து வர்ற புது விதியெல்லாம் செலவத்தான் நெருக்குது."

"அந்தக் கூரையில ஒரு துண்ட எடுத்து ரெண்டு பேருக்குக் குடேன்."

"கண்ணாடி கண்ணாடியாத்தான் இருக்கும். சம்பளத்த இன்னொரு சம்பளத்துலேர்ந்துதான் எடுக்கணும்."

நல்ல மனுஷன். அதனால்தான் அவன்மேல் கத்தக்கூட முடியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மண்டல நிதிக்காரர்களோடு திரைவழிக் கூட்டம். தலைப்பு: சமூக முதலீடு. முதல் படத்தில் சேற்று பூட்ஸ் போட்டுச் சிரிக்கும் குழந்தை. குழந்தைப் பருவத்தில் போடும் ஒவ்வொரு யூரோவும் பல மடங்காகத் திரும்பி வருமாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டோம், எல்லோரும்.

கேள்வி நேரத்தில் கேட்டேன்: எங்களிடம் அப்படி ஒரு காப்பகம் இருக்கிறது, இரவில் ஆட்கள் வேண்டும், உங்கள் நிதி தருமா?

அந்த இளம்பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். "புதுசா ஒரு மாதிரியை உருவாக்கிக் காட்டினீங்கன்னா ரெண்டு வருஷம் தரலாம். ஏற்கெனவே நடந்துட்டிருக்கறதுக்குத் தர முடியாது."

"அது நல்லாவே நடக்குதுங்க."

"அதான் பிரச்சினை."

அவள் கேலி செய்யவில்லை. ஆக, நன்றாக நடப்பதை முதலில் மூட வேண்டும். பிறகு அதையே புதிதாகக் கண்டுபிடித்ததாக விண்ணப்பிக்க வேண்டும். இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். புளூபெர்ரி சூப்பைச் சூடு பண்ணினேன், குடிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தந்தையர் தினம். அப்பாவுக்குக் கேக் கொண்டுபோனேன். "யார் மேல கோவம்?" என்றார். கேக்கை வெட்டுகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது போல.

நவம்பர் 11, செவ்வாய்

மாலையில் மயவாவுக்குப் போனேன். பணியாளர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சட்டம். ஈரப் பூட்ஸ்கள் உலர்த்தும் அலமாரியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஏழெட்டுக் குழந்தைகள் இரவு உடையில் கஞ்சி குடித்தார்கள். எல்லெ என்னைப் பார்த்துவிட்டு, "பனி மாமி வந்துட்டா" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள்.

பொறுப்பாளர் மார்கெட்டா கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை. "சொல்லிடு. கஞ்சி ஆறுறதுக்குள்ள."

சொன்னேன். மாற்று ஏற்பாடு, வேறு பணி, இடமாற்றம் — என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எனக்கே நாறின.

"நாப்பத்தாறு கிலோமீட்டர்" என்றாள். "ராத்திரி வேலை முடிச்ச பொம்பள, பாதித் தூக்கத்துல, மான் குறுக்க ஓடுற ரோட்டுல, பின்சீட்டுல புள்ளயப் போட்டுக்கிட்டு. இத யாரு கண்டுபிடிச்சா?"

"யாரும் இல்ல. கணக்கு."

"கணக்குக்குப் புள்ள இருக்கா?"

கேட்டுவிட்டு அவளே காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

எழுதாமல் தூங்க முடியாது.

நேற்றும் இன்றும் ஏரிக்கரை விடுதியில் குழுவின் வரவுசெலவுப் பயிலரங்கு. நேற்று மாலை சவுனா, சூட்டு அறையில் நீராவிக் குளியல். பெண்கள் முறை முதலில், ஆண்கள் அப்புறம், எப்போதும் போல. குழுவில் ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். ஐவரும் மேல் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நான் கீழே. ஹில்க்கா அடுப்பின் சூடான கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"மயவாவ மூட நான் விடமாட்டேன். என் பேரன் அங்கதான் தூங்குனான், அவங்கம்மா ஆஸ்பத்திரில ராத்திரி வேலைல இருந்தப்போ."

மற்ற நால்வரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிர்ச் மர இலைக்கட்டால் முதுகைத் தட்டிக்கொண்டே ஒருத்தி, "ஆம்பளைங்க கண்ணாடிக் கூரை கட்டட்டும், நாம புள்ளைங்களப் பாத்துக்குவோம்" என்றாள். சிரித்தோம். ஏரியில் இறங்கினோம், கரையோரம் மெல்லிய பனிப்படலம். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு எனக்கு உடம்பு லேசாக இருந்தது. ஐந்து பேர். ஒன்பதில் ஐந்து. சவுனாவில் சொன்ன சொல்லை யாராவது மாற்றிச் சொல்வார்களா? சின்ன வயதிலிருந்து அப்படித்தானே நம்பி வளர்ந்தோம்.

அதன்பின் ஆண்கள் போனார்கள். நாங்கள் சாசேஜ் சுட்டோம்.

இன்று காலைக் கஞ்சி மேசையில் தலைவர் ரெய்யோ கரண்டியை வைத்துவிட்டு, "நேத்தே பேசி முடிச்சாச்சு. மயவாவ ராத்திரில மூடறதுல ஒருமனதாப் போறோம்" என்றார்.

பேசி முடிச்சாச்சாம். யாரு பேசினா? எங்க? நாலு ஆம்பளைங்க அம்மணமா உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டு முடிச்சாச்சாம்.

நான் ஹில்க்காவைப் பார்த்தேன். அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முட்டையை இவ்வளவு கவனமாக உரிப்பவளை நான் பார்த்ததில்லை. மற்ற நான்கு பெண்களுக்கும் கஞ்சிக் கிண்ணத்துக்குள் ஏதோ தெரிந்தது.

வெளியே கார் அருகே அவளைப் பிடித்தேன். "நேத்து என்ன சொன்னீங்க?"

"நெனைச்சதத்தான் சொன்னேன், இங்கெரி. ஆனா இந்தக் குழுவுல பதினோரு வருஷமா வாக்கெடுப்பே வந்ததில்ல. என்னால அத ஒடைக்க முடியுமா? ரெய்யோவோட கடைக்குத்தான் தினம் போறேன்."

ரெய்யோவோட கடை. ஒரு ஊரே அவன் கடைல பால் வாங்குது, அதனால புள்ளைங்க நாப்பத்தாறு கிலோமீட்டர் போவணும். யாரும் எதிர்க்கல, யாரும் ஆதரிக்கல, யார் பேரும் எங்கயும் இல்ல. ஒருமனதாம். இதுல யாரு மனசு?

நவம்பர் 15, சனி

இன்னும் ஆறவில்லை. வீடு முழுக்கத் துடைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

ரெய்யோ தொலைபேசியில். குரலில் சர்க்கரை.

"டிசம்பர்ல இயக்குநர் பதவிய நிரப்பறோம், தெரியுமில்ல? வெளியூர்லேர்ந்தும் விண்ணப்பம் வந்திருக்கு. நமக்கு நம்ம பொண்ணுதான் வேணும்னு நான் சொல்லிட்டேன்."

"நன்றி" என்றேன். நன்றி! நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"இருபத்தஞ்ச மட்டும் அமைதியா முடிச்சுக் குடு. நீ படிச்சவ, ஒனக்குச் சொல்லவா வேணும்."

நாற்பத்து நான்கு வயது. இரண்டு பட்டம். நம்ம பொண்ணு.

அந்த வேலை எனக்கு வேண்டாமா? வேண்டும். பொய் எழுத மாட்டேன். பத்து வருடமாக ரைலிக்காகத் திட்டம் எழுதி எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் போவதைப் பார்த்தவள் நான். இயக்குநர் அறையில் கிழக்குப் பக்க ஜன்னல். காலை வெயில், வந்தால், முதலில் அங்கேதான் வரும்.

நவம்பர் 18, செவ்வாய்

வெசாவோடு மதிய உணவு. பட்டாணி சூப், வழக்கமாக வியாழக்கிழமை, இந்த வாரம் சமையல்காரருக்கு நாள் தப்பிவிட்டது. தீர்மானம் அச்சாகிப் போய்விட்டதா என்று கேட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாதே என்ற எரிச்சலில்.

"அச்சானா என்ன? முன்மொழியறவ நீ. தலைவரோட சுத்தியல் விழற வரைக்கும் கூட்டத்துலயே மாத்திச் சொல்லலாம். நீ சொல்றதுதான் குழு முன்னாடி நிக்கிற தீர்மானம். அது வேணாங்கறவன் எழுந்து எதிர்த்தீர்மானம் போடணும், இன்னொருத்தன் ஆதரிக்கணும், அப்புறம் ஒவ்வொருத்தரா பேரக் கூப்பிட்டு வாக்கு."

"யாராவது அப்படி மாத்தியிருக்காங்களா?"

"ரைலி ஒரு தடவ மாத்துனா. ஒரு காற்புள்ளி." அவனே சிரித்துக்கொண்டான். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சேர்த்தான்: "மாத்தறவ பணம் எங்கேர்ந்துன்னும் சொல்லணும். இல்லன்னா ரெய்யோ ஒரே வாயில முழுங்கிடுவான்."

நவம்பர் 20, வியாழன்

காலையில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். சினி கார் உள்ளே வந்தது. எல்லெ பின்னால் வாயைத் திறந்து தூங்கினாள். சினி இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். மயவாவை மூடப்போவது ஆலை முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு முன்பே.

"எழுதுனது நீதானா?"

"என் வேலை அது, சினி. முடிவு குழுவோடது."

"குழுவக் கேட்டா அதிகாரி எழுதினது அப்படிங்கறாங்க."

மரத்தூள் வாசனை அவள் கோட்டிலிருந்து வந்தது. கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை.

"நான் பகல் வேலைக்கு எழுதிக் குடுத்துட்டேன். கெடைச்சா சம்பளம் கொறையும். கெடைக்கலன்னா ஊர விட்டுட்டு தம்பேரேல அக்கா வீடு." குனிந்து எல்லெயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "நீ பனிய மட்டும் தள்ளிவிடு. அத நல்லாத்தான் தள்ளுற."

வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. கையில் பனி தள்ளும் பலகையோடு நின்றேன்.

யார்மேல் இத்தனை நாள் கோபப்பட்டேன்? ரெய்யோமேல், ஹில்க்காமேல், திரையில் வந்த அந்தப் பெண்மேல். முட்டை உரித்தது ஹில்க்கா மட்டுமா?

நவம்பர் 22, சனி

உறைபனி. ஏரியில் நடக்கலாம் போல. நடக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

நாளை ஐந்து மணிக்குக் கூட்டம். சாம்பல் நிற ஜாக்கெட்டை இஸ்திரி போட்டு மாட்டியாயிற்று.

சம்பளத்தைச் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று வெசா முதல் நாளே சொன்னான். மூன்று வாரம் அது என் தலைக்குள் முள்ளாகக் கிடந்தது. யாருடைய சம்பளம்? சமையல்காரரா, பள்ளி உதவியாளரா என்று எல்லோரையும் மனதுக்குள் ஒரு சுற்று வெளியே தள்ளிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. பதில் கிழக்கு ஜன்னல் அறையில் உட்கார்ந்திருந்தது. இயக்குநர் ஒருவர் வாங்குவது, இரவுப் பணியாளர் இருவர் வாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகம்.

நாளை என் முறை வரும்போது, அச்சிட்டதை மாற்றுகிறேன் என்று சொல்வேன். இயக்குநர் பதவியை நிரப்ப வேண்டாம். திட்ட அதிகாரியாக என் பழைய மேசையிலிருந்தே அந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறேன், பழைய சம்பளத்துக்கு. மயவா இரவிலும் திறந்திருக்கட்டும். அவ்வளவுதான். மூன்று வாக்கியம். கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன், மூன்றாவதில் குரல் உடைகிறது. இரண்டாவதில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரெய்யோ எழுந்து எதிர்த்தீர்மானம் போடுவான். ஆதரிக்க ஒருவன் கிடைப்பான். அதன்பிறகு எனக்கு இந்த ஊரில் பால் எங்கே வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். தோற்கவும் தோற்கலாம். ஆனால் பெயர் இல்லாமல் தோற்க முடியாது.

யாரிடமும் சொல்லவில்லை. மார்கெட்டாவிடம் இல்லை. சினியிடம் இல்லை, அவளிடம் சொல்ல வாயெடுத்து இரண்டு முறை வேலிவரை போய்த் திரும்பினேன். வெசாவிடம்கூட இல்லை. யாரிடம் சொன்னாலும் அது இன்று ராத்திரியே ஆண்கள் முறை சவுனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வாக்கெடுப்புக்குப் பெயர்களை அகரவரிசையில் கூப்பிடுவார்கள். முதல் பெயர், அஹோலா. ஹில்க்கா அஹோலா.