கவுண்டர் கைகுலுக்கிய மகாசபை

வெகுதானிய வருஷம் (1938), சித்திரை 20, திங்கள்

கடும் வெயில். மலைப்பக்கம் லேசாக மேகம். மேகத்தைக் கண்டு கடத்தூரே சந்தோஷப்படுகிறது, எனக்கு மட்டும் கவலை. கிடங்கு முழுக்கப் புளி. சித்தேரி மலைப் புளி, கொட்டை எடுத்தது, நல்ல தேன் நிறம். ஈரக்காற்று பட்டால் கறுத்துவிடும். கறுத்த புளியை எட்டிப் பார்க்கக்கூட ஆள் வராது. கிடங்கு கொள்ளாமல் மிச்சம் வீட்டில். கட்டிலடியில் கூடை, சாமி படத்துக்குக் கீழே கூடை.

செல்லம்மாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "சங்கம் சங்கம்னு வருசம் பூரா ஓடுனீங்களே, அந்தச் சங்கத்துக்காரங்க ஒரு கூடை வாங்குனாங்களா? வூட்டுக்குள்ள மூச்சு வுட்டாலே பல்லு கூசுதுங்க."

நியாயமான கேள்வி. வெளியே போய்விட்டேன்.

ஞாயிறு சங்கத்தின் மகாசபை. செய்ய வேண்டியவை: ஆண்டறிக்கை எழுத. பந்தலுக்குச் சொல்ல. பொன்னாடை (பட்டு, மலிவாக). கூரை ஓட்டை.

சித்திரை 22, புதன்

ஆண்டறிக்கை. தலைப்பு அழகாக வந்துவிட்டது: "தர்மபுரி – பெங்களூர் வர்த்தக சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளும் வளர்ச்சியும்." கீழே எழுதத்தான் ஒன்றும் இல்லை. நம் பக்கத்து வியாபாரிகளும் மைசூர் சமஸ்தானத்து வியாபாரிகளும் ஒருவர் சரக்கை ஒருவர் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்த சங்கம். நான் காரியதரிசி. இதுவரை தேறியது:

ஆரம்பக் கூட்டம். கேசரி நன்றாக இருந்தது.

சங்கத்தின் பெயரில் தர்மபுரி முன்னால் வருவதா, பெங்களூர் முன்னால் வருவதா என்று விவாதம். பல கூட்டங்கள். கடைசியில் இங்கே அச்சடித்தால் நாம் முன்னால், அங்கே அச்சடித்தால் அவர்கள் முன்னால் என்று முடிவு.

இரங்கல் தீர்மானம் ஒன்று. இறந்துபோனதாகக் கேள்விப்பட்ட உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு வந்துவிட்டார். வாசித்துக் காட்டினோம். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, இருக்கட்டும்" என்று அவரே வழிமொழிந்தார்.

வளர்ச்சி: புதிய உறுப்பினர் ஒருவர். தரகர் காதர் சாயபுவின் மருமகன்.

வியாபாரம்: இந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிட்டேன்.

மதியத் தபாலில் பெங்களூர்ப் பக்கத்துத் தலைவர் நஞ்சப்ப செட்டியார் (இனி பெ.செ.) கடிதம். ஞாயிற்றுக்கிழமை மகாசபைக்கு வருகிறாராம். கடைசி வரி: வியாபாரமே நடக்காத சங்கம் எதற்கு, கலைப்பது பற்றிப் பேசுவோம். புளியை மொத்தமாக வாங்கக்கூடிய ஒரே மனிதர் அவர். சங்கம் போனால் அவரும் போவார். புளி என்னோடு இருக்கும்.



சித்திரை 24, வெள்ளி

காற்று. புழுதி. பொன்னாடை வாங்கியாயிற்று. வழவழவென்று வழுக்குகிறது. மலிவுக்கு வேறென்ன வரும்.

நம் தலைவர் பெரியசாமிக் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு மாந்தோப்பு உண்டு, மீசை உண்டு, கோட்டு ஒன்று உண்டு. வியாபாரம் மட்டும் தெரியாது. அதனால்தான் சண்டையில்லாமல் தலைவராக்கினோம். முன்பு ஒரு துரை கை நீட்டியபோது இவர் கும்பிட்டுவிட்டார். துரையின் கை அந்தரத்தில் நின்றதாம். அது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை பெ.செ. கையைக் குலுக்கியே தீருவதாகச் சபதம்.

ஒத்திகை பார்த்தோம். முதலில் கை வதங்கிய கீரைத்தண்டு போல் இருந்தது. "கெட்டியாப் பிடிங்க. பிடிச்சா வுடக் கூடாது. நேரா கண்ணைப் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். கடைசி ஒத்திகையில் என் மோதிரம் சதையில் பதிந்துவிட்டது. திருப்தி.

சித்திரை 26, ஞாயிறு

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

காலை ரயிலில் பெ.செ. வந்தார். புளியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "சென்னாகிதெ" என்றார். நன்றாக இருக்கிறதாம். பிறகு "நோடோண". பார்க்கலாமாம். வியாபாரி 'பார்க்கலாம்' என்றால் எந்த பாஷையிலும் ஒரே அர்த்தம்தான்.

மகாசபை. ஆண்டறிக்கை வாசித்தேன். இரங்கல் தீர்மானத்துக்கு மட்டும் கைதட்டல். பெ.செ. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். கலைப்பைப் பற்றி வாய் திறப்பதற்குள் பாய்ந்து போய்ப் பொன்னாடையைப் போட்டேன். அதே நேரம் கவுண்டர் கையை நீட்டினார். பெ.செ. பிடித்தார். பட்டு அவர் தோளிலிருந்து வழுக்கி, இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு விழுந்தது.

பந்தலில் அத்தனை கண்ணும் அந்தப் பட்டின் மேல். சந்தையில் நாங்கள் விலை பேசுவதே இப்படித்தான். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து. எத்தனை விரலோ அதற்கேற்ற விலை. வாயைத் திறக்கக் கூடாது. விலை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். சம்மதித்துக் கையை எடுத்தால் வியாபாரம் முடிந்தது. பிறகு பின்வாங்குகிறவனுக்குச் சந்தையில் வெற்றிலைகூடக் கிடைக்காது.

கவுண்டர் விடவில்லை. நேராகக் கண்ணைப் பார்க்கிறார். பெ.செ. தலையை இல்லை என்று ஆட்டுகிறார். கவுண்டர் இன்னும் இறுக்குகிறார். பெ.செ. நெற்றியில் வேர்வை. அத்தனை வியாபாரிகளும் பெஞ்சை விட்டு எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் பெ.செ. "ஹௌது, ஹௌது" என்றார். அதாவது ஆமாம். கை பிரிந்தது.

காதர் சாயபு பழக்கதோஷத்தில் எழுந்து கத்திவிட்டார்: "முடிஞ்சுது வியாபாரம்!"

ஒரே ஆரவாரம். பெ.செ. என் பக்கம் திரும்பி, "தலைவரை ஏவிவிட்டு சபையில மடக்கிட்டீங்களே காரியதரிசி! உம்ம புளி பூரா எனக்கு. விலை, கவுண்டரு கை சொன்னதே" என்றார். கலைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

கவுண்டரைத் தனியாக இழுத்துப் போனேன். "என்ன வெலை பேசுனீங்க?"

"வெலையா? நீதானய்யா பிடிச்சா வுடாதேன்னே. வுடலே."

சித்திரை 27, திங்கள்

மூட்டை கட்டுகிறார்கள். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. விற்ற சரக்குக்கு விலை தெரியாத வியாபாரி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அடிமாட்டு விலையாக இருந்தால்? பயமாக இருக்கிறது.

காதர் சாயபுவிடம் மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் கேட்டுறாதீங்க. கவுண்டருக்கே தெரியாதுன்னு வெளிய வந்தா செட்டியாரு கைய உதறிட்டுப் போயிருவாரு. பேசாம மூட்டையக் கட்டுங்க."

செல்லம்மாள்: "என்னா வெலைக்குங்க போவுது?"

"நல்ல விலை."

"நல்ல விலைன்னா?"

"ரொம்ப நல்ல விலை."

முறைத்தாள். மதியம் ரசம் வைக்கவில்லை. வீட்டில் இவ்வளவு புளியை வைத்துக்கொண்டு.

சித்திரை 28, செவ்வாய்

மொரப்பூர் ஸ்டேஷன். கடைசி மூட்டை சரக்கு வாகனில் ஏறியபோது முதல் தூறல். பெ.செ. என்னைக் கூரைக்கடியில் இழுத்து, தன் துண்டைப் போட்டு, விலையை உறுதி செய்ய என் விரல்களைப் பிடித்தார்.

நம்ப முடியவில்லை, நான் கனவில்கூடக் கேட்டிருக்காத விலை. இன்னொரு தடவை பிடிக்கட்டும் என்று கையை விடாமல் நின்றேன். பெருமூச்சு விட்டு இன்னும் அரை விரல் சேர்த்தார். நான் கேட்கவே இல்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

"உங்க ஊரு பிடி பொல்லாத பிடி" என்று முணுமுணுத்துக்கொண்டே ரயில் ஏறினார்.

விலையை இங்கே எழுத மாட்டேன். வழக்கம் வழக்கம்தான். நனைந்துகொண்டே வீடு வந்தேன். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. செல்லம்மாள் வாசலிலேயே, "இன்னைக்காச்சும் சொல்லுவீங்களா?" என்றாள். வாய் திறக்கக் கூடாதே. அவள் முந்தானையை இழுத்துக் கைமேல் போட்டு, விரல்களைப் பிடித்தேன். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. முகம் மலர்ந்தது. சும்மா இருந்தாளா? உள்ளேயே என் விரல்களில் இரண்டைத் தனியாகப் பிரித்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அது அவள் பங்காம். இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.