பேஸ்மென்டில் திருத்திய கிற்றார்

மச்சாள்,

இன்று வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்து மேசையில் சூட்டுக்கோலால் வயர்களுக்கு ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கையிலிருந்ததை வைத்துவிட்டேன். பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருந்த எங்கள் பழைய வீட்டின் பேஸ்மென்ட் கண்ணுக்குள் வந்தது. மடியில் கிற்றாரைக் கிடத்தியபடி, "பாத்து, கையைச் சுட்டுப்போடாதையும்" என்று நீங்கள் சொல்வதும் கேட்டது. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது.

நான் மொன்றியலில் வந்து இறங்கியது ஒரு பெப்ரவரியில். உங்கள் தம்பியைக் கலியாணம் செய்து ஸ்பொன்சரில் வந்தவள். அவருக்கு டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை, சனி ஞாயிறில் இன்னோர் இடத்தில். வீட்டில் நீங்களும் நானும்தான்; உங்கள் அறை கீழே பேஸ்மென்டில். உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. நாளுக்கு நான்கு தடவை, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பழைய நீரை வடித்துப் புதிய நீரை ஏற்ற வேண்டும். சர்க்கரை வியாதி உங்கள் பார்வையை மங்கச் செய்திருந்ததால் குழாயின் முனைகளைப் பொருத்துவது என் வேலையாயிற்று. காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்து. கிருமி தொற்றக்கூடாது என்று கதவையும் சன்னலையும் அடைத்து, முகத்துக்குத் துணி கட்டி, கையை முழங்கை வரை கழுவி, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம்.

பஸ்ஸும் மெத்ரோ ரயிலும் பிடித்து நகரத்துக்குள் போக ஒன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னுமோர் ஒன்றரை. இரண்டு தடவைக்கு நடுவே கிடைக்கும் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு வகுப்புக்கோ வேலைக்கோ போய் வர முடியாது என்பது வந்த முதல் வாரமே எனக்கு விளங்கிவிட்டது. பிரெஞ்சு வகுப்பில் சேரட்டுமா என்று அவரைக் கேட்டேன்.

"அக்காவைத் தனிய விட ஏலாது வதனி. பேந்து பாப்பம்," என்றார்.

அவரில் பிழை சொல்ல முடியாது. உங்களிலும் பிழை இல்லை, என்னிலும் இல்லை. யாரையாவது கோபிக்க முடிந்திருந்தால் கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் இருமல் சத்தம் கேட்டாலே படியில் நின்றுவிடுவேன்.

மாதம் ஒருமுறை மருந்து நீர்ப் பெட்டிகள் வந்து இறங்கும். யூலையில் அவற்றை அடுக்க இடம் போதாமல் படிக்குக் கீழே ஒதுக்கியபோதுதான் அந்த நீளமான கறுப்புப் பெட்டி அகப்பட்டது. முன்னே இருந்த வீட்டுக்காரர் விட்டுப் போனது. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு மின்சாரக் கிற்றார். கம்பியெல்லாம் துரு. கழுத்து வில்போல வளைந்திருந்தது.

"குப்பைக்கு வைக்கட்டே மச்சாள்?"

நீங்கள் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தீர்கள். "வையாதையும். இந்த வீட்டில உடைஞ்ச சாமான் ஒண்டாவது சரிவரட்டும்."

இளவாலையில் கோயில் பாட்டுக்குழுவில் நீங்கள் கிற்றார் வாசித்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டுநாயக்காவில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் ரேடியோக்களுக்கு ஈயம் ஒட்டியவள் நான் என்பது உங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்து, தினமும் உங்கள் வயிற்றைத் தொட்ட கைகளோடு, இதைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அது ஊரில் போர்நிறுத்தக் காலம். போரில் மூடிக்கிடந்த பாதை திறந்ததென்று, தெரிந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். ஓகஸ்டில் அவரும் ஒரு மாத லீவில் நான்கு கிழமைக்குப் போனார். உங்கள் அம்மாவை அவர் பார்க்கப்போகிறார், என் அம்மாவையும் அவர்தான் பார்க்கப்போகிறார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று கையசைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று கை கழுவ இறங்கினோம்.

அந்த நான்கு கிழமையும் கிற்றாரோடுதான் போனது. துருப்பிடித்த திருகாணிகளை எண்ணெயில் ஊறவைத்தோம். கழுத்தில் வரிசையாகப் பதித்த கம்பிக்கட்டைகளுக்கு இடையே இறுகிக் கிடந்த அழுக்கை நான் பழைய பல்தூரிகையால் சுரண்டினேன். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கித்தான் வளைவை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மரம் வெடித்துவிடும் என்று நாளுக்குக் கால் சுற்றுக்கு மேல் நீங்கள் விடவில்லை. கண்ணால் பார்க்க முடியாததை உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்கு, நாளைக்குப் பாப்பம்" என்பீர்கள். ஒரு வேலையை நாளைக்கென்று வைக்க முடிவதே எனக்கு அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஈயம் வெடித்து வயர்கள் கழன்று கிடந்தன. ஈயம் ஒட்டும் கோல் வாங்க வேண்டும். ஒரு நாள் மதிய வேலை முடிந்து, மூன்று மணிபோல நான் கடைக்கு நடந்தேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப பஸ் தரிப்பிடத்துக்கு வந்தபோது எதிர்ப்பக்கம் பஸ் ஒன்று நின்றது. மெத்ரோவுக்குப் போகும் பஸ். நான் பாதையைக் கடந்து அதில் ஏறினேன், மச்சாள்.

எங்கே போகிறேன் என்று ஒரு யோசனையும் இல்லை. சன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு நீங்கள் கையைக் கழுவிவிட்டுக் காத்திருப்பீர்கள் என்பது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தேன். வெகுதூரம் போன பிறகு மணியை அழுத்தினேன். இறங்கி, திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வீட்டுக்கு வரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. நீங்கள் முகத்துணியோடு கதிரையில் அப்படியே இருந்தீர்கள்.

"பஸ் பிந்திட்டுதோ?"

"ஓம் மச்சாள்."

"வேர்த்துப்போய் நிக்கிறீர். முதல் தண்ணி குடியும்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் வயர்களை ஒட்டி முடித்தேன். பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்காக அவர் வாங்கி வைத்திருந்த கரோக்கே ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டினோம். ஒரே இரைச்சல். "கம்பியில கை வைச்சா இரைச்சல் அடங்கோணும். அடங்கேல்ல. எங்கையோ ஒரு வயர் விட்டுப்போச்சு," என்றீர்கள். கம்பிகள் வந்து சேரும் இரும்புத் தகட்டுக்கடியில் ஒரு வயர் அறுந்து கிடந்ததைத் தேடிப் பிடித்தேன். ஒட்டிவிட்டு உங்களிடம் தந்தேன். நீங்கள் கை வைத்ததும் வீடு அமைதியானது. பிறகு பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் மூன்று சுரக்கட்டுகளை மாறி மாறி வாசித்தீர்கள். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் இடையிடையே பிசகியது. பிசகிய இடத்தில் சிரித்தீர்கள். நான் படியில் இருந்து அழுதேன். உங்களுக்குத் தெரிந்திராது.

மறுநாள் காலை நீங்கள் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். என் முன்னாலேயே, பிரெஞ்சில், வெகுநேரம் கதைத்தீர்கள். எனக்கு பொன்ஜூரும் மெர்சியும் மட்டுந்தான் விளங்கின. அவர் ஊரிலிருந்து திரும்பிய கிழமை செய்தி வந்தது. இனி நீர் மாற்றுவது வீட்டில் இல்லை, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பார்கள், வாகனம் வந்து ஏற்றிப்போகும்.

அவர் என்னைத்தான் பார்த்தார். "அக்காவைச் சரியாப் பாக்கேல்லையோ?"

"எனக்கு வீட்டில செய்ய விருப்பமில்லை. அவ்வளவுதான்," என்றீர்கள் நீங்கள்.

நான் பிந்தி வந்த அந்த ஆறு மணிக்கான தண்டனை அது, இனி என் கை உங்களுக்கு வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பனிக்காலம் தொடங்குமுன் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நீங்கள் இயந்திரத்திலிருந்து வந்து வெளிறிப்போய்ப் படுத்திருப்பீர்கள். நான் கஞ்சி வைத்துத் தந்துவிட்டுப் புத்தகத்தோடு மேலே போய்விடுவேன். கிற்றாரைப் பிறகு நீங்கள் அதிகம் தொடவில்லை. இரண்டாவது பனிக்காலத்தில், இயந்திரத்தில் இருக்கும்போதே உங்கள் இதயம் நின்றுவிட்டது.

உங்கள் உடுப்புகளை வாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் பேசினார். நீங்கள் வீட்டிலிருந்து இங்கே இயந்திரத்துக்கு மாறி வருவதை டொக்டர் விரும்பவில்லையாம். இதயத்துக்குக் கூடாதென்று சொல்லிப் பார்த்தாராம். "என் தம்பியின் மனைவி பள்ளிக்கூடம் போகவேணும், அவள் மூச்சுவிடாமல் இருக்கிறாள்" என்று நீங்கள் பிடிவாதமாக நின்றீர்களாம். தாதி சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை.

இதை உங்கள் தம்பியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை மன்னிப்பார், அதையும் நான் தாங்க வேண்டும். இப்போது ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் எனக்கு நல்ல வேலை. பஸ், இரண்டு மெத்ரோப் பாதை, காலையும் மாலையும் இரண்டு மணி நேரம். எங்கே இறங்கினாலும் கேட்க ஆளில்லை. ஆனால் நீங்கள் வாங்கித் தந்த வெளி என்று நினைத்தால், அதற்குள்ளும் என்னால் தாராளமாக நடக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் பழகிவிட்டது. வெளியே போகும்போது போகும் இடத்தையும், பிந்தி வந்தால் பிந்திய காரணத்தையும் அவரிடம் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். போன கிழமை, ஆற்றங்கரையில் சும்மா இருந்துவிட்டு வந்தேன், அதுதான் நேரமாகிவிட்டது என்றேன்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே," என்றார் உங்கள் தம்பி.

"தெரியும்," என்றேன். "கேக்காட்டியும் சொல்லுவன்."