பாதிக் குளிசை

கொட்டாஞ்சேனை
செவ்வாய்க்கிழமை

அன்பின் அத்தானுக்கு,

நீங்களும் எங்கள் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நானும் சுகம். போனில் சொன்னால் உடனே பஸ் ஏறிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சீனி வருத்தம் குறையட்டும் என்று சோற்றையும் பேக்கரிப் பாணையும் அடியோடு விட்டேன். டொக்டர் தந்த குளிசையை மட்டும் பழையபடியே போட்டேன். போன வியாழன் கந்தோரில் வியர்த்து, கை நடுங்கி, கதிரையிலேயே சரிந்துவிட்டேன். பக்கத்து மேசை ஹப்ஸா சீனி போட்ட தேநீரோடு ஓடிவந்தாள். "இதக் குடிங்க றெஜினா, மத்தத பொறகு பாப்பம்" என்று பருக்கினாள்.

டொக்டர் ஏசினார். "சாப்பாட்டைக் குறைச்சா குளிசையையும் குறைக்கோணும். எங்களிட்ட ஒருக்கா கேட்டிருக்கலாமே?"

இப்போது பாதிக் குளிசைதான். மத்தியானம் ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு. மற்றதெல்லாம் கீரை, மீன், முட்டை. சீனி இறங்கியிருக்கிறது, நானும் மெலிந்திருக்கிறேன். என் பழைய நீலச் சட்டையை அனுப்புங்கள், அளவாக இருக்கும். கொஞ்சம் கருவாடும்.

இன்னொன்று. மத்தியானம் நீங்கள் சாப்பிட உட்காரும்போது எனக்குப் போன் எடுங்கள். கதைக்கத் தேவையில்லை. உங்கள் சோற்றுக் கோப்பைச் சத்தம் கேட்டால் என் ஒரு பிடியும் உள்ளே இறங்கும்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் மன்னார் பஸ் வெளிக்கிடப் போகிறதாம். நிறுத்துகிறேன்.

உங்கள்
றெஜினா