வாழைத் தூரில் புதைத்த நாய்த்தீனி

பத்திரகாளிக்கு,

நீ அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. லோடு ஏற்ற நாரணாபுரம் போகிறேன். மதியம் உன் மகன் ராஜபாண்டியன் பெங்களூரிலிருந்து வருகிறான். கறிக்குச் சொல்லிவிட்டேன்.

அவன் நம் டைகருக்கு அனுப்பிய தீனி மூட்டை விஷயம். நாய் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் வீட்டு நாய்க்குப் போடச் சொன்னாய். பிள்ளை அனுப்பியதை அடுத்தவன் வாசலில் கொட்டும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. அதனால்தான் ஊறவைத்து, வாழைத் தூரில் உரமாகப் புதைத்தேன். நம் கம்பெனி வேண்டாமென்று போனவன் அனுப்பியது என்ற கோபத்தில் அல்ல. அதற்கும் நேற்று, "அவன் கேட்டா என்ன சொல்லுவீக, வாழை தின்னுச்சுன்னா?" என்று பேசினாய்.

இன்று காலையில் பார்த்தால், தட்டில் வைத்ததைத் தொடாத டைகர், வாழைத் தூரைத் தோண்டித் தின்றுகொண்டிருக்கிறது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆகவே அவன் கேட்டால், நாய் சாப்பிடுகிறது என்றே சொல். பொய் இல்லை. வாழைக்கு இனிச் சாணி போதும். அவன் வருவதற்குள் குழியை மூடிவிடு.

சண்முகவேல்

போன தடவை நான் வேண்டாமென்று திருப்பிய, பிரஷர் பார்க்கும் மெஷினை மறுபடியும் கொண்டுவருவதாக உன்னிடம் போனில் சொன்னானாமே. என் கையில் கொடுக்க வேண்டாம் என்று சொல். மேஜைமேல் வைத்துவிட்டுப் போகட்டும்.